பக்கத்து அறைக்கு ஒரு வழி

ஒரு மேசையில் பிரிண்ட் கொடுத்தால் அடுத்த அறையில் காகிதம் வர வேண்டும். பில் போடுகிறவர் கணக்கைச் சேமித்ததும் குடோனில் இருப்பவர் அதே கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். இதற்குச் சென்னை தேவையில்லை, கடலடிக் கேபிள் தேவையில்லை, செயற்கைக்கோளும் தேவையில்லை. சுவரோரம் ஓடும் நாற்பது ஐம்பது மீட்டர் செம்புக் கம்பி, ஒரு சுவிட்ச், இரண்டையும் ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்த ஓர் ஆள். இவ்வளவுதான். டாலிகஞ்சிலும் பக்கத்தில் கரச்சர்மா, பாத்துபஸ்தி வட்டாரத்திலும் நான் செய்துவரும் தொழில் இது. லேன் வேலை என்பார்கள். கடை, அலுவலகம், பள்ளி, லாட்ஜ் என்று ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைப்பது.

டாலிகஞ்ச், போர்ட் பிளேயரின் ஒரு பகுதி. 2024 செப்டம்பரில் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் அந்தமான் மையமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் வட்டார மையமும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் நான் எழுதுவது பெரிய ஆய்வு நிறுவனங்களைப் பற்றியல்ல. ஐந்து முதல் ஐம்பது கம்ப்யூட்டர் வரை உள்ள சாதாரண இடங்களைப் பற்றி.

இந்தத் தீவுகளில் இணையம் எப்படி இருந்தது என்பதை இளைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்படும் வரை மெயின்லேண்டுக்கு எங்கள் வழி செயற்கைக்கோள்தான். அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இங்கிருந்து ஒரு கேள்வி ஏறி இறங்கி, அதன் பதில் மறுபடி ஏறி இறங்கி வர, ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். அந்தக் குறுகலான பாதையைத் தீவு முழுவதும் பங்குபோட்டுக்கொண்டது. மழை கொட்டினால் அதுவும் தடுமாறும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது.

கேபிள் வந்தது உண்மையிலேயே பெரிய காரியம். கிளைகளெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளம். சென்னை, போர்ட் பிளேயர், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் சென்னைக்குப் போய் வரப் பதினைந்து மில்லி விநாடி போதும். அரை விநாடி எங்கே, இது எங்கே!

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கேள்வி வரத் தொடங்கியது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டார்: "தம்பி, கேபிள்தான் வந்துருச்சே. இனி கடைக்குள்ள எதுக்குப்பா தனியா ஒரு சர்வர், இத்தனை ஒயரு? எல்லாத்தையும் நெட்டுல போட்டுட்டா ஆச்சு."

நியாயமான கேள்வி. என் பதில்: பக்கத்து அறையில் இருக்கும் கணக்கு கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. உள்ளுக்குள் ஓடும் ஒரு நல்ல கம்பியில் ஒரு ஜிகாபைட் கோப்பு ஏறக்குறைய பத்து விநாடியில் மறுபக்கம் போய்விடும். அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. வெளியில் எங்கே எது அறுந்தாலும் பில் நிற்காது. இணையத்தின் வேகத்தை நான் கூட்ட முடியாது, அதை யாரிடமோ வாங்குகிறோம். லேன் முழுக்க நம் கையில் இருக்கிறது. நன்றாக இருந்தால் நம்மால், கெட்டிருந்தாலும் நம்மால். இந்தத் தொழிலில் எனக்கு ஈடுபாடு வந்ததே அதனால்தான்.

இதில் தீவுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறும் உண்டு. இன்று உலகம் முழுவதும் லேன் என்றால் ஈதர்நெட். அந்த ஈதர்நெட்டின் வேர் ஒரு தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் அலோகாநெட் என்ற வானொலி வலையை இயக்கத் தொடங்கினார்கள். வெவ்வேறு தீவுகளில் இருந்த முனையங்கள் ஹோனலுலுவில் இருந்த கம்ப்யூட்டரோடு பேச வேண்டும். தனித்தனிக் கம்பி இழுக்கக் கடல் விடாது. எனவே எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. அனுப்ப வேண்டும் என்று தோன்றியதும் அனுப்பு, பதில் வராவிட்டால் இன்னொருவர் செய்தியோடு மோதிவிட்டது என்று பொருள், கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப அனுப்பு. பொறுக்கும் நேரம் ஒவ்வொருவருக்கும் தற்செயலாக வேறுபட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் மோதல்தான். எளிமையான விதி. ஆனால் கணக்குப்படி அந்த அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது, மீதி மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும்.

ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்காஃப், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973 மே 22ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதினார். வானத்துக்குப் பதில் ஒரு தடித்த கேபிள். பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது, பேசும்போதே மோதலைக் கவனித்தால் உடனே நிறுத்திவிடுவது. ஒரே திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசும்போது நாகரிகமுள்ளவர்கள் செய்வது இதைத்தான். மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து கட்டிய முதல் வலை விநாடிக்கு 2.94 மெகாபிட் ஓடியது. இன்று என் பையில் இருக்கும் மலிவான சுவிட்ச்கூட அதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல் ஓடுகிறது.

தூரம் அந்த விதிக்குள்ளேயே இருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பின்னர் தரப்படுத்தப்பட்ட 10 மெகாபிட் ஈதர்நெட்டில் அனுப்பும் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு செய்தித் துண்டு, குறைந்தது 64 பைட் இருக்க வேண்டும். ஏன் 64? அதை அனுப்பி முடிக்க 51.2 மைக்ரோ விநாடி ஆகும். வலையின் மறுகோடியில் நடக்கும் மோதல் அதற்குள் அனுப்பியவர் காதுக்கு வந்து சேர வேண்டும். வந்து சேராவிட்டால், செய்தி நல்லபடியாகப் போய்விட்டது என்று நினைத்து அவர் போய்விடுவார். ஆக, வலை இவ்வளவுக்கு மேல் நீளக் கூடாது என்ற எல்லை பிறப்பிலேயே வந்தது.

இன்று மோதல் கிடையாது. சுவிட்ச் வந்தபின் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கம்பி, போகவும் வரவும் தனித்தனிப் பாதை. சுவிட்ச் வேலை செய்யும் விதம் அழகானது. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்பியவரின் 48 பிட் வன்பொருள் முகவரி இருக்கும். இந்த முகவரி மூன்றாம் போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த முகவரிக்கு எது வந்தாலும் மூன்றாம் போர்ட்டுக்கு மட்டும் தரும். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை, கேட்டுக் கேட்டுத் தானே கற்கிறது. தெரியாத முகவரி வந்தால் மட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிப் பார்க்கும். ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான்: "192.168.1.20 யார்?" என்று ஒரு கம்ப்யூட்டர் எல்லோரையும் பார்த்துக் கேட்கும், உரியவர் மட்டும் பதில் சொல்வார்.

இனி கம்பிக்கு வருகிறேன். வேலை கற்க வரும் பையன்களிடம் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

கேபிளுக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியையும் ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். முறுக்குதான் கேபிளின் உயிர். பிளக்கில் நசுக்கிப் பொருத்த, அதாவது கிரிம்ப் செய்ய, அதைப் பிரிக்கும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. பையன்கள் வசதிக்காக இரண்டு விரற்கடை பிரித்துவிடுவார்கள். "அண்ணா, லைட் எரியுதே" என்பார்கள். லைட் எரியும். வேகம் வராது.

நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மூன்றாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் பிரிந்து நிற்பது புதியவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். அழகாக இருக்கட்டும் என்று ஜோடிகளை வரிசையாகப் பக்கம் பக்கமாக அடுக்கி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்துவிடுவார்கள். சாதாரண டெஸ்டரில் வைத்தால் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு வரிசையாக எரியும், ஏனென்றால் எட்டு கம்பியும் உரிய இடத்துக்குத்தான் போகின்றன. ஆனால் மூன்றும் ஆறும் இப்போது ஒரே ஜோடியின் கம்பிகள் அல்ல. இரைச்சல் கழியாது. நீளம் குறைவாக இருந்தால் எப்படியோ ஓடும். நீளம் கூடியதும் கோப்பு பாதியில் நிற்கும், பிரிண்டர் வரும் போகும், யாருக்கும் காரணம் புரியாது. சாஃப்ட்வேரை மாற்றுவார்கள், கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்வார்கள். பிளக்கைக் கண்ணால் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் கோளாறு இது.

இன்னொன்றும் உண்டு. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி துருவேறி விட்டுப்போனால் வலை சாவதில்லை. அமைதியாகப் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். "நெட் ஸ்லோவா இருக்கு" என்ற புகார் மட்டும் வரும். எந்த இடத்துக்குப் போனாலும் சுவிட்சில் எந்தப் போர்ட் 1000இல் ஓடுகிறது, எது 100இல் ஓடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

துரு எங்கள் ஊரின் தலையாய எதிரி. உப்புக் காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. ஆர்ஜே-45 பிளக்கின் தொடுமுனைகளில் தங்கப் பூச்சு இருக்கும். மலிவான பிளக்கில் அது பெயருக்குத்தான். 50 மைக்ரோ இஞ்ச் பூச்சுள்ளதைத்தான் வாங்குகிறேன். அதைவிட முக்கியம், செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தொடாமல் இருப்பது. பெட்டியின் மேல் ஒரு மூலையில் சிசிஏ என்று சின்னதாக அச்சடித்திருப்பார்கள். விலை பாதிதான். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கேமராவுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுத்தால் சூடேறும். வெட்டிய முனையில் உப்பு ஈரம் பட்டால் அரித்துவிடும். சரக்கு முழுவதும் சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணித்து ஹட்டோ துறையில் இறங்க வேண்டும். தவறான சரக்கு வந்துவிட்டால் அடுத்த கப்பல்வரை வேலை நிற்கும். அதனால் வாங்கும்போதே கம்பியைச் சுரண்டிப் பார்த்து அனுப்பச் சொல்கிறேன்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும்: சுவருக்குள் 90, இரண்டு முனைகளிலும் பேட்ச் கார்டு எனும் இணைப்புக் கம்பிகள் சேர்ந்து 10. அந்த 90, இருபது டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சமிக்ஞை இழப்பு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். டாலிகஞ்சில் தகரக் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே மதிய வேளையில் நாற்பதைத் தொட்டுவிடும். அங்கே 90 என்பது 83 ஆகிவிடுகிறது. நான் 75ஐத் தாண்டுவதில்லை. தாண்ட வேண்டி வந்தால் நடுவில் ஒரு சுவிட்ச், அல்லது ஃபைபர்.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு என்றால் தூரம் பத்து மீட்டராக இருந்தாலும் ஃபைபர்தான். இரண்டு கட்டடத்தின் எர்த்திங்கும் ஒன்றல்ல. இடி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே உருவாகும் மின்னழுத்தம் செம்புக் கம்பி வழியாகப் பாய்ந்து இரு பக்கச் சுவிட்சையும் சுட்டுவிடும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. கொஞ்சம் செலவு கூடும் என்றாலும் இதில் நான் பேரத்துக்கு இணங்குவதில்லை.

வைஃபை இருக்கிறதே, கம்பி எதற்கு என்பது அடுத்த கேள்வி. வைஃபை நமக்கு மறுபடியும் அலோகாநெட்தான். ஒரே காற்று, எல்லோருக்கும் பங்கு, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. இங்குள்ள பழைய மரவீடுகளில் சுவரைத் தாண்டி அலை சுலபமாகப் போய்விடும். அதே வீட்டில் ஓர் அறைக்குத் தகரம் அடித்திருந்தால் அங்கே ஒன்றும் நுழையாது. செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை சரி. பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டர், சர்வர், கேமரா, இவற்றுக்குக் கம்பி. நகராத பொருளுக்குக் கம்பி என்பது என் விதி.

லேனின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். அங்கே எல்லோரும் எல்லோரையும் நம்புகிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து சுவர்ப் பிளக்கில் செருகுவார். அதுவும் கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். பாதிப் பேருக்குத் தவறான முகவரி, சர்வர் காணாமல் போகும். இன்னொருவர் தரையில் கிடந்த கேபிளின் இரு முனையையும் இரண்டு சுவர்ப் பிளக்கில் செருகிவைப்பார், இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று. "யார்?" என்ற அந்தக் கேள்வி அந்த வளையத்துக்குள் முடிவில்லாமல் சுற்றிப் பெருகும், சில விநாடிகளில் மொத்த வலையும் மூச்சுத் திணறி நின்றுவிடும். இதற்கு மருந்தை ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இலேயே கண்டுபிடித்துவிட்டார்: சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி வளையத்தைக் கண்டறிந்து ஒரு பாதையைத் தாங்களாகவே அடைத்துக்கொள்ளும். மலிவான சுவிட்சுகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. நடுவில் வைக்கும் ஒரு சுவிட்சையாவது நல்லதாக வாங்குங்கள் என்று கேட்பது இதற்குத்தான்.

நோயும் அப்படித்தான் பரவும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற நச்சுநிரல் உலகைச் சுற்றியபோது, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு விண்டோஸின் கோப்புப் பகிர்வு வழியாகத் தாவியது. அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்னாலேயே வெளிவந்திருந்தது. இணையம் மெதுவாக இருந்த காலத்தில் அப்டேட்டை நிறுத்திவைப்பது இங்கே பலருக்குப் பழக்கம். அதை மாற்ற லேனே உதவும்: விண்டோஸ் 10 முதல், ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் உள்ளுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்படி அமைக்கலாம். வெளியிலிருந்து ஒரே ஒரு முறை, பிறகு வீட்டுக்குள் பகிர்வு. பள்ளிக்கு இதே முறையில் விக்கிபீடியாவையே கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் வைத்துவிடலாம். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தாலும் வெளிக்கேபிளில் ஒரு பைட்கூடப் போகாது.

ஆனால் ஒன்றை லேன் ஒருபோதும் தராது: தொலைவு. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறது. நாட்டிலேயே நிலநடுக்க அபாயம் மிகுந்த மண்டலத்தில் இருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமியை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று வெளித்தொடர்புகள் அறுந்தபோது, தற்செயலாகப் போர்ட் பிளேயரில் ஹாம் ரேடியோ நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத்தும் அவர் தோழர்களும் மெயின்லேண்டுக்குச் செய்தி அனுப்பினார்கள். கையில் இருக்கும் கருவி கைகொடுக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கட்டடமே மூழ்கினால் கையில் இருப்பதும் மூழ்கும். அதனால் கணக்குகளின் ஒரு நகல் இரவில் தானாகத் தீவுக்கு வெளியே போக வேண்டும். ஹார்டுவேர் கடைப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன்: கடலடிக் கேபிளை இதற்குப் பயன்படுத்துங்கள் ஐயா, பில் போட வேண்டாம். சர்வர் கடையிலேயே இருக்கிறது. நகல் மட்டும் கடல் தாண்டிப் போகிறது.

வேலையை ஒப்படைக்கும் நாளில் உரிமையாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ரூட்டரிலிருந்து வெளி இணையக் கேபிளைக் கழற்றிவிடுவேன். பிறகு ஒவ்வொரு மேசையாகப் போவோம். பில் வருகிறதா, பிரிண்ட் வருகிறதா, கேமரா தெரிகிறதா. பெரும்பாலும் ஏதாவது ஒன்று நிற்கும்: சர்வரைப் பெயரால் தேடும் கம்ப்யூட்டர் அந்தப் பெயரை வெளியே கேட்கப் போய்க் காத்துக்கொண்டிருக்கும், அல்லது பிரிண்டரின் மென்பொருள் லாகின் கேட்கும். அதைச் சரிசெய்வேன். அடுத்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதே சுற்று. யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் இருந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னச் சுவிட்சுக்கு இல்லையென்றால் அது இப்போது தெரிந்துவிடும். எந்தக் கேபிள் எந்த மேசைக்கு, எந்தப் போர்ட், எத்தனை மீட்டர், எந்த முகவரி என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட்டுத்தான் பில் கொடுப்பேன். நாளை என்னை விட்டுவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டாலும் அவர் அந்தத் தாளைப் பார்த்தே வேலையைத் தொடங்கலாம்.